குருதியின் காவலர் மூவர்

புளி, எலுமிச்சை முதலிய புளிப்புப் பொருள்களில் அமிலம் உண்டு. ஆப்பச் சோடா காரத்தன்மை உடையது. மனிதக் குருதியோ சிறிதளவே காரத்தன்மை வாய்ந்தது. பி.எச். என்னும் அளவையில் தூய நீரின் மதிப்பு 7. குருதியின் மதிப்பு 7.35-க்கும் 7.45-க்கும் இடைப்பட்டது. எண் குறையுந்தோறும் அமிலத்தன்மை மிகும். இக்குறுகிய எல்லையைக் குருதி பெரிதும் கடக்குமாயின் இதயமும் மூளையும் தடுமாறும். உயிருக்கே ஊறு நேரும்.

ஆயினும், உடலில் அமிலம் ஓயாது தோன்றிக்கொண்டே இருக்கிறது. ஆவடியிலிருந்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு மிதிவண்டியில் விரையும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தசைகள் லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் குருதியில் சேர்க்கின்றன. நீரில் கலந்த கரியமில வாயுவும் அமிலமே. அங்ஙனமிருந்தும் அவர் குருதி பெரிதும் நிலைதிரிவதில்லை. அதனைக் காவலர் மூவர் காக்கின்றனர்.

ஆப்பச் சோடாவில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் நுரை பொங்குகிறது. புளிப்பு அடங்கிக் கரியமில வாயு வெளிப்படுகிறது. அச்சோடாவிலுள்ள பைகார்பனேட் குருதியிலும் கரைந்துள்ளது. அமிலம் தோன்றிய நொடியிலேயே அதனை அடக்கும் முதற்காவலன் இதுவே. அப்போது உண்டாகும் கரியமில வாயுவை வெளியேற்றும் நுரையீரல் இரண்டாம் காவலன். மிதிவண்டி மிதிப்பவருக்கு மூச்சு விரைவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. மூன்றாம் காவலன் சிறுநீரகம். அது எஞ்சிய அமிலத்தைச் சிறுநீரில் கழித்து, செலவான பைகார்பனேட்டை ஈடுசெய்கிறது. அதன் பணி மெல்ல நடைபெறும். முற்றுப்பெறச் சில நாள்களாகும்.

காலரா என்னும் வாந்திபேதியில் இக்காவல் குலைகிறது. நீருடனும் உப்புடனும் பைகார்பனேட்டும் பேதியில் வெளியேறிவிடுகிறது. உடலின் நீர் வற்றுவதால் சிறுநீரகம் செயல் குன்றுகிறது. நுரையீரல் மட்டும் தனித்துப் போராடுகிறது. நோயாளி ஆழ்ந்து விரைந்து மூச்சு வாங்குகிறார்.

1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்காளத்துப் போன்கான் நகரில் ஏதிலியர் பெருந்திரளாகக் குவிந்தனர். அவர்களிடையே காலரா பரவியது. சிரை வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துவந்தது. அந்நிலையில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ், ஒரு லிட்டர் நீரில் 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் ஆப்பச் சோடா கலந்து பருகத் தரச் செய்தார். குளுக்கோஸ் உப்பையும் நீரையும் குடல் ஈர்த்துக்கொள்ளத் துணைசெய்தது. சோடா இழந்த காரத்தை மீட்டது. உறவினரே நோயாளிகளுக்கு அதனைப் புகட்டினர். நூற்றுக்கு முப்பதாக இருந்த இறப்பு, நான்கினும் குறைந்தது.

பின்னர்ச் சோடாவிற்கு மாற்றாக, நெடுநாள் கெடாத சிட்ரேட் உப்பு சேர்க்கப்பட்டது. உடல் அதனைப் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களின் அரசு சுகாதார நிலையங்களில் இன்று தரப்படும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அவ்வழி வந்ததே. அதனைக் குறித்த அளவு தூய நீரில் கரைத்தே பருகுதல் வேண்டும். எளிய பொருள்களும் அளவறிந்து சேர்ந்தால் உயிர் காக்கும் மருந்தாகும்.