இரவு சைக்கிளுக்கு நல்ல விளக்கு

கடையடைத்து இரவு பத்து மணிக்கு மேல் சைக்கிளில் வீடு திரும்பும் கடைப் பணியாளர்களும், விடியுமுன் காய்கறி மார்க்கெட்டுக்குக் கிளம்பும் சிறு வியாபாரிகளும் நம்மில் ஏராளம். அவர்கள் உயிருக்குக் காவல் ஒரு சிறு விளக்குதான்.

முன்பு டயரில் உரசி ஓடும் டைனமோவை நம்பியிருந்தோம். 6 வோல்ட், 3 வாட். வண்டி நின்றால் விளக்கும் அணைந்துவிடும். ஜப்பானில் ஷூஜி நகமுரா 1993-ல் பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்த பின்னரே வெள்ளை எல்.இ.டி. விளக்கு பிறந்தது.

வாங்கும்போது வாட் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். வெளிச்சத்தின் அளவு லூமென். தெருவிளக்கு உள்ள சாலைக்கு 100 முதல் 200 லூமென் போதும். இருட்டுச் சாலைக்கு 300, 400 வேண்டும். விளக்கைச் சற்றே கீழ்நோக்கிப் பொருத்துங்கள்; எதிரே வருபவர் கண் கூசினால் இருவருக்கும் ஆபத்து.

தாமே செய்ய விரும்புவோர் கவனிக்க: 3 வாட் வெள்ளை எல்.இ.டி. சுமார் 3 வோல்ட்டில் எரியும். முழு சார்ஜ் ஏறிய லித்தியம் செல் 4.2 வோல்ட் தரும். நேரடியாக இணைத்தால் எல்.இ.டி. கருகிவிடும். இடையில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் சர்க்யூட் அவசியம். சூட்டை இழுக்க எல்.இ.டி.யை அலுமினியத் தகட்டில் பொருத்த வேண்டும். பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல்லையே வாங்குங்கள்.

பலரும் மறப்பது பின்விளக்கை. கேரியரில் மூட்டை ஏற்றினால் சீட்டுக்கு அடியில் உள்ள சிவப்பு விளக்கு மறைந்துவிடும். பின்னால் வரும் லாரிக்காரருக்கு மூட்டையும் தெரியாது, ஆளும் தெரியாது. ஆகவே மட்கார்டின் கீழ்ப்பகுதியில் பொருத்துங்கள்.

தீபாவளிக்குப் பணியாளருக்கு வேட்டி சட்டை எடுத்துத் தருகிறோம். அத்துடன் முன்னுக்கொன்று, பின்னுக்கொன்று விளக்கும் வாங்கித் தருவோமே!