கடல்வழி வந்த உதவி

முல்லைத்தீவுக்குத் தெற்கே, களப்பும் கடலும் சந்திக்கும் இடத்தில் அமைந்த மீன்பிடிக் கிராமம் நாயாறு. அதற்குத் தெற்கே கொக்கிளாய், அப்பால் புல்மோட்டை, மேலும் தெற்கே திருகோணமலை. இவையெல்லாம் ஒரே கரையின் ஊர்கள். எனினும், 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இக்கரையின் வடபால் போரினுள் அகப்பட்ட நோயாளருக்கும் தென்பால் இருந்த வைத்தியசாலைகளுக்கும் இடையே தரைவழி அற்றுப்போயிற்று. எஞ்சியது நாயாற்றின் முன்னே விரிந்து கிடக்கும் கடல் ஒன்றே.

பிணியுற்றோருக்கு உதவி சென்று சேர்வதற்கு மூன்று வேண்டும்: பொருள், ஆள், வழி. மருந்தும் உணவுமாகிய பொருளை உலகம் மனமுவந்து அளிக்கும். வைத்தியரும் தாதியரும் தொண்டரும் முன்வருவர். ஆயின் மூன்றாவதாகிய வழி, பணத்தால் வாங்கக்கூடியதன்று. போரிடும் இரு தரப்பும் இசைந்தாலன்றி அது திறவாது. வன்னியின் அனுபவம் இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றது.

2009 ஜனவரி இறுதியில், காயமுற்றோர் இருநூற்றுக்கு மேற்பட்டோர் செஞ்சிலுவைக் குழுவினதும் ஐக்கிய நாடுகள் சபையினதும் வாகனத் தொடரில் வவுனியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் ஐம்பதின்மர் வரை குழந்தைகள். அதன்பின் அவ்வழி அடைபட்டது. பெப்ரவரி முதல் நாட்களில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீண்டும் மீண்டும் எறிகணை வீச்சுக்கு உள்ளாகவே, நோயாளர் கடற்கரையூராகிய புதுமாத்தளனுக்குப் பெயர்ந்தனர். வைத்தியசாலைக்கு உரிய வசதி எதுவும் அங்கே இல்லை; தூய நீரும் போதவில்லை.

பெப்ரவரி 10ஆம் நாள் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு கடல்வழிப் பணியைத் தொடங்கிற்று. கப்பல் அணையத்தக்க இறங்குதுறை புதுமாத்தளனில் இல்லை. ஆதலால் ‘கிறீன் ஓசன்’ முதலிய கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நின்றன. மணற்கரையிலிருந்து நோயாளரைத் தூக்கிச் சென்று மீன்பிடி வள்ளங்களில் ஏற்றி, அலைகளைக் கடந்து, கப்பலிற் சேர்த்தனர். கடலை நன்கறிந்த கரையோர மக்களின் சிறு வள்ளமே அந்தப் பெருங்கப்பலுக்கு உயிர்நாடியாயிற்று. கப்பல்கள் வடக்கே வருங்கால் உணவும் மருந்தும் கொணர்ந்தன. தெற்கே திரும்புங்கால் நோயாளரையும் உடன் செல்வோரையும் ஏற்றிச் சென்றன. மே 9ஆம் நாள் வரை இவ்வாறு காப்பாற்றப்பட்டோர் ஏறக்குறைய 14,000 பேர்.

இதற்கு இசைவு பெற்றது எங்ஙனம்? 1859இல் இத்தாலியின் சொல்பெரினோ போர்க்களத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த காயக்காரரைக் கண்டு உளம் நைந்தவர் ஹென்றி டூனான். அவரது முயற்சியின் பயனாக 1863இல் செஞ்சிலுவைக் குழு தோன்றிற்று. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள், காயமுற்றோரையும் நோயுற்றோரையும் சேகரித்துப் பேணுதல் வேண்டும் என விதிக்கின்றன. உள்நாட்டுப் போரிலும் பக்கஞ்சாராத மனிதாபிமான அமைப்பொன்று இரு தரப்புக்கும் தன் சேவையை அளிக்க முன்வரலாம் என்றும் அவை கூறுகின்றன. எவர் பக்கமும் சேராதிருத்தல் என்பது அக்கறையின்மை அன்று. இரு பக்கத்து வாயிலையும் திறக்கவல்ல திறவுகோல் அது.

அத்திறவுகோலுக்கும் எல்லை உண்டு. மே 9க்குப் பின் மூண்ட கடும் போரினால் கப்பல் கரையை நெருங்க இயலவில்லை. கப்பலில் உணவு இருந்தது. கரையில் நோயாளர் இருந்தனர். இடையே இருந்த நீர்ப்பரப்பைக் கடக்க வழியில்லை. அந்த மாதங்களில் செஞ்சிலுவைக் குழுவின் பணியாளர் மூவர் உயிரிழந்தனர். உதவி செய்வோரின் உயிரும் அந்த இசைவையே நம்பியிருந்தது.

நோயாளர் கரைசேர்ந்ததோடு பணி முடிந்ததா? இல்லை. தொடக்கத்தில் அவர்கள் திருகோணமலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மார்ச் மாதத்தில் இந்திய மருத்துவக் குழுவொன்று புல்மோட்டையில் கள வைத்தியசாலை அமைத்தது. வவுனியா வைத்தியசாலை நோயாளரால் நிரம்பி வழிந்தது. செட்டிகுளத்து முகாம்களில் இலட்சக்கணக்கானோர் நெருங்கி வாழ நேர்ந்தபோது, கொப்பளிப்பானும் மஞ்சட்காமாலையும் பரவின. அங்கே மருந்தைப் போலவே நன்னீரும் மலகூடமும் உயிர்காக்கும் பொருள்களாயின.

காலை இழந்தவருக்கோ உதவியின் காலம் இன்னும் நீண்டது. 1987இல் தொடங்கப்பட்ட யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் போன்றவை செயற்கைக் கால் பொருத்தி, அதைக்கொண்டு நடக்கவும் பயிற்றும் நிறுவனங்கள். வளருகின்ற பிள்ளைக்குப் பொருத்திய கால் சில காலத்தில் சிறிதாகிவிடும்; மீண்டும் மீண்டும் மாற்றல் வேண்டும். கப்பல் பயணம் சில மணி நேரத்தில் முடியும். அது காத்துத் தந்த உயிரைத் தாங்கும் கடமையோ ஓர் ஆயுட்காலத்தது.

ஆதலால், இடர்க்காலத்தில் அள்ளி வழங்கும் கை போற்றுதற்குரியதே. எனினும் அக்கை நோயாளரைச் சென்று தொடுவதற்கு வழி வேண்டும். வைத்தியசாலையையும் வைத்தியரையும் நோயாளியையும் தாக்கலாகாது என்னும் நெறியே அவ்வழி. அந்நெறியை அமைதிக் காலத்திலேயே பள்ளிகளிலும் மன்றங்களிலும் பயின்று மனத்திற் பதித்தல் வேண்டும். போர் மூண்டபின் அதனைக் கற்பிப்பார் எவர்?