கேள்வி இன்று, பதில் நாளை: இணையம்வழிக் கல்லூரிப் படிப்பு

புக்கிட் மேரா அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் ஒரு தாதியை நினைத்துப் பாருங்கள். இரவு வேலை முடிந்து வீடு திரும்பியவர், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பட்டப்படிப்புப் பாடத்தைக் கணினியில் திறக்கிறார். ஓர் இடம் புரியவில்லை. கேள்வியை எழுதி அனுப்புகிறார். விரிவுரையாளர் வேறொரு வகுப்பில் இருக்கிறார். பதில் உடனே வராது.

ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் சந்திக்காமல், அவரவருக்கு வசதியான வேளையில் எழுதியும் படித்தும் உரையாடும் முறை இது. புதிதன்று. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971ல் பாடங்களைத் தொடங்கியபோது, மாணவர்கள் கட்டுரைகளை அஞ்சலில் அனுப்பித் திருத்தம் பெற்றனர். தமிழுக்கு 2001ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பிறந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் என்பது அதன் இன்றைய பெயர். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டரை மணி நேர வேறுபாடு இருந்தாலும், அந்தப் பாடங்களை எந்த வேளையிலும் படிக்கலாம்.

இங்கோ, 2005ல் சிம் பல்கலைக்கழகமாகத் தொடங்கி 2017ல் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகமாகப் பெயர் மாறிய நிலையம், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குக் கைகொடுக்கிறது. 2020 ஏப்ரலில் கொவிட்-19 பரவலால் வகுப்பறைகள் மூடப்பட்டபோது, முழுநேர மாணவர்களும் இணையம்வழிக் கற்றலுக்கு மாறினர்.

இம்முறையின் பெரிய நன்மை, யோசிக்கக் கிடைக்கும் அவகாசம். வகுப்பில் கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பெரும்பாலும் 1 விநாடி அளவே காத்திருப்பதை அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். 3 விநாடி காத்திருந்தாலே பதில்கள் நீண்டன. வாய் திறக்காதவர்களும் பேசினர். மூன்று விநாடிக்கே இந்தப் பலன் என்றால், ஒரு நாள் அவகாசம் கூச்சமுள்ள மாணவருக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு!

ஆனால் அதே அவகாசம் மௌனமாகவும் மாறலாம். வகுப்பறையில் ஒரு தலையசைப்பு போதும். இணையத்தில் அது இல்லை. பதில் வராத நாள்களில், "நம் கேள்வி அசட்டுத்தனமானதோ" என்ற எண்ணம் எழும். அடுத்த கேள்வி எழாது. பிறகு படிப்பே நின்றுவிடலாம். தொலைக்கல்வியில் தூரம் என்பது மைல் கணக்கு மட்டுமன்று, புரிதலில் விழும் இடைவெளியே என்று கல்வியாளர் மைக்கேல் மூர் விளக்கியதும் இதைத்தான்.

இடைவெளியைக் குறைக்கப் பெரிய செலவு தேவையில்லை. எத்தனை மணி நேரத்துக்குள் பதில் வரும் என்பதை விரிவுரையாளர் முதல் வாரமே சொல்லி, சொன்னபடி நடக்கவேண்டும். "புரியவில்லை" என்று மட்டும் எழுதாமல், எந்தப் பக்கம், எந்த வரி, எதுவரை புரிந்தது என்று மாணவர் எழுதினால் ஒரே பதிலில் ஐயம் தீரும். விடை தெரிந்த சக மாணவர் காத்திராமல் எழுதலாம்.

அந்தத் தாதி மறுநாள் கணினியைத் திறக்கும்போது ஒரு வரி பதிலாவது காத்திருக்கவேண்டும். அவர் படிப்பைத் தொடர்வதும் விடுவதும் பல நேரங்களில் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.