தோள் வலியும் தசைநாண் அறுவையும்

தறியில் அமர்பவருக்கும் நிலத்தில் உழைப்பவருக்கும் தோளே கைம்முதல். அருப்புக்கோட்டையில் குழித்தறியில் இருந்து நாடாக் கயிற்றை ஓயாது இழுப்பவரும், திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் மண்வெட்டி பிடிப்பவரும், சீமைக் கருவேலம் வெட்டிச் சுமப்பவரும் ஒரே அசைவை நாள்தோறும் பன்முறை செய்கின்றனர். நடுவயது கடந்தபின் இவர்களுட் சிலருக்குத் தோளின் முன்புறத்தில் நீங்காத வலி உண்டாகிறது. அறுவைச் சிகிச்சை என்றதும், "கையே போய்விடுமோ?" என்று அஞ்சுவோர் பலர். அவ்வச்சம் எவ்வளவு பொருந்தும் என்பதைப் பார்ப்போம்.

வலியின் இடம்

மேற்கையின் முன்புறத்தில் திரளும் தசைக்கு இருதலைத் தசை என்று பெயர். அதன் மேல்முனை இரண்டாகப் பிரிந்து தோளெலும்பைப் பற்றியிருக்கிறது. இவற்றுள் நீண்ட முனை கயிறு போன்ற தசைநாணாகி, மேற்கை எலும்பின் பள்ளம் ஒன்றின் வழியே ஏறி, மூட்டுக்குள் நுழைந்து, தோட்கிண்ணத்தின் மேல் விளிம்பில் முடிகிறது. கப்பியில் ஓடும் கிணற்றுக் கயிறு உராய்ந்து நைவது போல, இத்தசைநாணும் அப்பள்ளத்தில் வீங்கலாம், நையலாம், இடம் பெயரலாம், சில வேளை அறுந்தும் போகலாம். "நரம்பு பிசகிற்று" என்று நம்மவர் கூறுவது பெரும்பாலும் இதனையே. ஆயின் இது நரம்பு அன்று. ஆதலால் அழுத்தி உருவிவிடுவதால் சரியாகாது, புண் மிகுதலும் கூடும்.

முதலில் செய்யவேண்டுவது

எடுத்தவுடன் எவருக்கும் கத்தி வேண்டியதில்லை. வேலையைக் குறைத்தல், மருந்து, முறையான உடற்பயிற்சி, வேண்டின் தசைநாணின் உறைக்குள் ஊசிமருந்து ஆகியவற்றால் பலர் குணமடைகின்றனர். நீரிழிவுள்ளோர்க்கு அவ்வூசி சில நாள் சர்க்கரையை ஏற்றும். ஆகவே மருத்துவரிடம் முன்பே கூறுதல் நன்று. சாதாரண எக்ஸ்ரேயில் தசைநாண் தெரியாது. ஸ்கேன் படம் வேண்டும். சில மாதச் சிகிச்சைக்குப் பின்னும் வலி தணியாவிடில் அறுவையைப் பற்றி எண்ணலாம்.

இருவகை அறுவை

தசைநாண் தானே அறுந்தபின் சில நோயாளரின் வலி நீங்கியதை மருத்துவர்கள் கண்டனர். அதிலிருந்தே முதல் வகை பிறந்தது: நைந்த தசைநாணை அதன் மேல்முனையில் வெட்டி விடுவித்தல். பிரான்சு நாட்டு லியான் நகரின் கில் வால்ஷும் உடன் பணியாற்றியோரும், தோளின் சுழல்தசை கிழிந்தவர்களுக்கு இம்முறையில் செய்த 307 அறுவைகளின் பயனை 2005ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் நிறைவு கூறினர்.

இரண்டாம் வகை, வெட்டிய முனையை மேற்கை எலும்பிலேயே பொருத்திவிடுதல். இரண்டையும் சிறு துளைகளின் வழியே கருவி செலுத்திச் செய்யலாம். பொருத்துவதற்குச் சில வேளை சிறு கீறல் தேவைப்படும்.

எது எவருக்கு?

வெட்டிவிடும் முறை எளிது. கை விரைவில் வேலைக்குத் திரும்பும். ஆனால் தசை கீழிறங்கி உருண்டையாகத் தோன்றலாம். திருகும் வேலையில் தசைப்பிடிப்பும் சிறு சோர்வும் வரலாம். முழங்கையை மடக்கும் வலிமை பெரிதும் குறைவதில்லை. ஏனெனில் குறு முனையும் அடியிலுள்ள வேறு தசையும் துணை நிற்கின்றன. பொருத்தும் முறையில் தசையின் உருவம் பெரும்பாலும் மாறாது. எனினும், பொருத்திய இடம் கூடும்வரை ஏறக்குறைய ஆறு வாரம் பளுவைத் தூக்கலாகாது. கடும் உழைப்புக்குத் திரும்ப மூன்று நான்கு மாதமாகும். வலி நீங்குவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதே ஒப்பீட்டு ஆய்வுகளின் முடிவு. ஆகவே வயது முதிர்ந்தோர்க்கு முதல் முறையும், கையின் திருகு வலிமையால் பிழைக்கும் இளையோர்க்கு இரண்டாம் முறையும் பெரும்பாலும் ஏற்றவை. சுழல்தசையும் கிழிந்திருந்து அதனைத் தைக்க நேர்ந்தால் ஓய்வுக்காலம் மேலும் நீளும்.

காலமும் செலவும்

நாட்பட்ட வலிக்கான அறுவை சில வாரம் பொறுக்கும். மானாவாரி உழவர் ஐப்பசி விதைப்பைத் தவிர்த்து, அறுவடை முடிந்தபின் நாள் குறிக்கலாம். நெசவாளர் தீபாவளித் தறிவேலை முடிந்தபின் செய்துகொள்ளலாம். ஆனால் விழுந்த பின் கையைத் தூக்க இயலாவிடினும், தோளில் செம்மையும் காய்ச்சலும் சேர்ந்தாலும் தாமதம் கூடாது. மார்பின் இறுக்கமும் வியர்வையும் உடன்வரும் இடத்தோள் வலி இதயநோயாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்க.

விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை உள்ளது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உடையோர், தமக்குக் கூறப்பட்ட சிகிச்சை அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையிலேயே முன்கூட்டிக் கேட்டறிக.

மருத்துவரிடம் தொழிலை மறவாது சொல்லுங்கள். எந்தக் கையால் கயிறு இழுக்கிறீர்கள், எவ்வளவு பாரம் சுமக்கிறீர்கள், எத்தனை மாதம் கூலியின்றிக் குடும்பம் தாங்கும் என்பவை தெரிந்தால்தான் அவர் தக்க முறையைத் தேர்ந்துரைக்க இயலும். ஓய்வுக்காலத்தில் தறியையும் வயலையும் யார் பார்ப்பார் என்பதை வீட்டாருடன் முன்பே பேசி முடிவு செய்க. பாதி ஆறிய தோளுடன் வேலைக்கு விரைவதால், செய்த அறுவையும் பயனற்றுப் போகும்.