துருவை மன்னிக்கலாம், பளபளப்பை நம்பக் கூடாது

பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து நாடுகளில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழைய சாமான் சந்தைகள் கூடும். தரையில் விரித்த துணியின் ஓரத்தில் ஒரு தகர டப்பா இருந்தால் அதைக் கிளறிப் பாருங்கள். சாவிகள், திருகாணிகள், ஓடாத கைக்கடிகாரங்கள் இவற்றோடு நாலைந்து மடக்குக் கத்திகளும் கிடக்கும். சொற்ப விலைக்கே கொடுத்துவிடுவார்கள். வாங்க வருகிறவர்களில் பலர் இருப்பதிலேயே பளபளப்பானதைத் தேடி எடுக்கிறார்கள். எஃகைப் பற்றித் தெரிந்தவரோ கறுத்துப்போனதைத்தான் முதலில் கையில் எடுப்பார்.

பழைய பேனாக்கத்திகளில் பெரும்பாலானவை கார்பன் எஃகால் ஆனவை. இரும்போடு ஏறக்குறைய 1 சதவீதம் கார்பன் கலந்த உலோகம் இது. அதைச் சுமார் 800 டிகிரி செல்சியஸுக்குப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ சட்டென்று தோய்த்தால், கார்பன் அணுக்கள் நகர அவகாசம் இல்லாமல் இரும்பு அணுக்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கின்றன. மார்ட்டென்சைட் எனப்படும் இந்த அமைப்பு மிகக் கடினமானது. கண்ணாடியைப் போல எளிதில் உடையவும் கூடியது. அதனால் 200 டிகிரியை ஒட்டி மறுபடி மிதமாகச் சூடாக்குவார்கள். கடினம் சற்றுக் குறையும், உடையாத உறுதி கூடும். ஒரு கத்தியின் தரம் இந்த இரண்டு சூட்டையும் பொறுத்தது.

மின்சாரச் சாணைச் சக்கரம் அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். கூர்முனை மெல்லியது என்பதால் சில விநாடிகளிலேயே 200 டிகிரியைத் தாண்டிவிடும். 300 டிகிரியை நெருங்கும்போது எஃகின் மேல் படியும் ஆக்சைடுப் படலம் தடித்து நீல நிறம் காட்டும். அலகின் ஓரத்திலோ நுனியிலோ நீலத் திட்டு தெரிந்தால் அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று பொருள். எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. விற்பவர் அந்த நீலத்தையும் தேய்த்து எடுத்திருக்கக்கூடும். அப்போது அலகின் அடியில் உள்ள முத்திரையைப் பாருங்கள். எழுத்துகள் மழுங்கி, அலகின் விளிம்புகள் வழவழப்பாகியிருந்தால் அது சக்கரத்தில் பட்டுவந்த கத்தி. தவிர்ப்பது நல்லது.

துருவிலும் நல்லது கெட்டது உண்டு. ஆப்பிளோ வெங்காயமோ நறுக்கி நறுக்கிக் கறுத்த அலகின் மேலிருப்பது ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய படலம். அது அடியிலுள்ள எஃகு மேலும் துருப்பிடிப்பதை ஓரளவு தாமதப்படுத்தும். செந்துரு அப்படியல்ல. அது தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். பொருக்குப் பொருக்காக உதிரும். ஈரத்தை உள்ளே விடும். மேலோட்டமான செந்துரு எண்ணெய்க்கும் மெல்லிய இரும்புப் பஞ்சுக்கும் போய்விடும். குழி விழுந்திருந்தால் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அலகின் பக்கவாட்டில் இருந்தால் அழகுக் குறைதான். கூரை ஒட்டியிருந்தால், தீட்டத் தீட்ட அந்தக் குழி வெளியே வந்து பல் விழும்.

துருப்பிடிக்காத எஃகு 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேயர்லியின் சோதனைகளில் பிறந்தது. துப்பாக்கிக் குழாய்கள் அரிக்கப்படாமல் இருக்க வழி தேடியபோது அவருக்குக் கிடைத்தது அது. குறைந்தது 10.5 சதவீதக் குரோமியம், எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுக் கவசமாகிறது. காந்தத்தை வைத்து இதை அடையாளம் காண முடியாது. கத்திக்கென்று கடினமாக்கிய துருப்பிடிக்காத எஃகும் காந்தத்தில் ஒட்டும். இனாக்ஸ், ரோஸ்ட்ஃப்ரை, ஸ்டெயின்லெஸ் என்ற முத்திரைகளைத் தேடுவதே வழி.

முத்திரை வயதையும் சொல்லும். 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. சோலிங்கன் என்ற ஊர்ப் பெயருக்கு 1938 முதல் ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு உண்டு. பிரான்ஸின் சவோய் பகுதியில் 1890இல் உருவான ஒப்பினெல் கத்தியில் மகுடம் சூடிய கை முத்திரை 1909இல் வந்தது. அலகைப் பூட்டும் வளையம் 1955இல் சேர்ந்தது.

அடுத்து இயக்கத்தைச் சோதியுங்கள். மெதுவாகத் திறந்து அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் பரவாயில்லை; லொடலொடத்தால் வேண்டாம். பிடியின் முதுகில் உள்ள வில் தகடு அலகைத் திறந்த நிலையில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். தொய்ந்த வில்லோடு வருவது விரலில் மடங்கும் கத்தி. மூடியதும் நுனி பிடிக்குள் முழுதாக மறைய வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பல்லாண்டு தீட்டி அலகு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பிடியை முகர்ந்தும் பாருங்கள். 1870களில் இருந்து பரவிய செல்லுலாய்டு, நைட்ரேட் செய்த செல்லுலோசும் கற்பூரமும் சேர்ந்த பிளாஸ்டிக். வயதாகிச் சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளியிடும். அவை ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகிப் பக்கத்தில் இருக்கும் அலகையே அரிக்கும். காரமான நெடி, பிடியில் வலைவலையாக வெடிப்பு, பித்தளையில் பச்சைக் களிம்பு ஆகியவை இதன் அறிகுறிகள். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் மற்ற கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. எலும்பு, மாட்டுக்கொம்பு, மரப் பிடிகளில் இந்தச் சிக்கல் இல்லை. யானைத் தந்தம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். எல்லை தாண்டிக் கொண்டுவருவது சட்டச் சிக்கலில் முடியும்.

வீட்டுக்கு வந்ததும் மூட்டுக்குள் இருக்கும் அழுக்கைப் பல்குத்தியால் எடுத்து, கழுவி, நன்றாக உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சக்கரத்துக்குக் கொடுக்காமல் தண்ணீரில் நனைத்த சாணைக்கல்லில் கையாலேயே தீட்டுங்கள். தண்ணீர் இருக்கும்வரை எஃகு சூடாகாது.

பையில் போட்டு நடப்பதற்கு முன் அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் பொது இடத்தில் தக்க காரணம் இல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டுமானால், அது பூட்டு இல்லாத, 3 அங்குலத்துக்கு மேல் நீளாத அலகுள்ள மடக்குக் கத்தியாக இருக்க வேண்டும். விமானத்தில் வருகிறவர்கள் அதைக் கைப்பையில் வைக்காமல், ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள்.