தமிழ்த் திரையைத் திறந்து பார்ப்பது யார்?

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர், வீட்டுக்கே சரக்கு அனுப்புவதற்கு ஒரு செயலி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பினாங்கில் வியாபாரம் என்றால் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு மொழிகள் வேண்டும். வாடிக்கையாளர்களின் கைப்பேசிகளில் ஆண்ட்ராய்டு பதிப்பு நான்கு, திரையளவு ஐந்து என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 80 வகைகள் ஆகின்றன. செயலியில் ஒரு சிறு மாற்றம் செய்யும்போதெல்லாம் 80-ஐயும் கையால் திறந்து பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. ஆங்கிலத்தில் ஒரு முறை, மலாயில் ஒரு முறை பார்த்துவிட்டு வெளியிடுவார்கள். தமிழ்த் திரையை முதன்முதலில் திறப்பவர் வாடிக்கையாளராகத்தான் இருப்பார். பொத்தானில் எழுத்து பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் அதைக் கண்டுபிடிப்பவரும் அவரே.

இந்த வேலையை இன்று கணினிக்குள் ஓடும் மெய்நிகர்க் கைப்பேசிகளிடம் கொடுத்துவிடலாம். கூகுள் இலவசமாகத் தரும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் எமுலேட்டர் உண்டு. அதில் ஓடுவது உண்மையான ஆண்ட்ராய்டுதான். பதிப்பு, திரையளவு, மொழி எல்லாவற்றையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். ஐபோனுக்கு ஆப்பிள் தரும் சிமுலேட்டர் மேக் கணினியில் மட்டுமே ஓடும். ஆப் ஸ்டோரிலிருந்து இறக்கிய செயலி அதில் ஏறாது. சிமுலேட்டருக்கென்று தனியாக உருவாக்கிய பதிப்பு வேண்டும்.

செயலியைத் திறப்பது சுலபம். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் வேறெதற்கும் இல்லாத ஓர் உள்பெயர் இருக்கிறது. ‘ஏடிபி’ என்ற கருவி வழியாக அந்தப் பெயரைச் சொல்லிக் கட்டளையிட்டால் செயலி திறந்துகொள்ளும். மெய்நிகர்க் கைப்பேசி முழுதாக விழித்தெழும் முன்பே கட்டளையை அனுப்பிவிடக் கூடாது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். திரை தெரிய ஆரம்பித்த பிறகும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். தொடக்கம் முடிந்ததற்கான குறியீடு ‘1’ என்று வரும்வரை காத்திருப்பதே சரி.

இதுவரை சொன்னதில் செயற்கை நுண்ணறிவுக்கு வேலையே இல்லை; அதன் தேவை இனிதான் வருகிறது. கட்டளை வெற்றி என்று பதில் வந்தால், ஆண்ட்ராய்டு அதை ஏற்றுக்கொண்டது என்றுதான் பொருள். செயலி திறந்ததா, திறந்த நொடியில் செத்துவிட்டதா, வெள்ளைத் திரையில் நிற்கிறதா, அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டுக் காத்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியாது. பழைய முறையில் எழுதிய சோதனை நிரல், எதிர்பாராத ஒரு பெட்டி குறுக்கே வந்தாலே நின்றுவிடும். மாறாக, ஏஐ முகவர், அதாவது செயற்கை நுண்ணறிவால் தானே இயங்கும் மென்பொருள், திரையின் படத்தையும், அதிலுள்ள பொத்தான்கள், எழுத்துகளின் பட்டியலையும் வாங்கிப் பார்த்து, அடுத்து என்ன செய்வது என்று தானே முடிவெடுக்கிறது. ‘செயலியைத் திற’, ‘படம் எடு’, ‘இங்கே தொடு’ போன்ற கருவிகளை முகவரை இயக்கும் மொழி மாதிரியின் கையில் கொடுக்கப் பொதுவான ஒரு முறையும் வந்துவிட்டது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி என்ற நெறிமுறை அது.

முகப்புத் திரையில் சின்னத்தைத் தேடித் தொடும் வேலையை முகவரிடம் விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. திறப்பது எப்போதும் ஒரே கட்டளையாக இருக்கட்டும்; பார்த்துச் சொல்வது முகவரின் பொறுப்பாக இருக்கட்டும். முகவர் இன்று ஒரு வழியாகவும் நாளை வேறு வழியாகவும் போனால், கோளாறு செயலியில் இருக்கிறதா முகவரிடம் இருக்கிறதா என்று பிரிக்க முடியாது. திறக்க எடுத்த நேரத்தையும் அந்தக் கட்டளையே அளந்து தரும். முற்றிலும் மூடியிருந்த செயலி திறக்க 5 நொடியோ அதற்கு மேலோ ஆனால் அது மிகத் தாமதம் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு.

பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஒழுங்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்டெலும் எச்பியும் 1972-இல் பினாங்குக்கு வந்த நாளிலிருந்து, மின்னணுப் பொருட்களைப் பொருத்துவதும் சோதிப்பதும் இந்தத் தீவின் பிழைப்பாக இருக்கின்றன. நிலைமையை மாற்றாமல் சோதி, முடிவைப் பதிந்து வை என்பது அந்தத் தொழிற்சாலைகளின் அன்றாடம். எச்பியின் அளவீட்டுக் கருவிப் பிரிவு பிறகு அஜிலென்ட் ஆகி, 2014-இல் கீசைட் என்று தனியாகப் பிரிந்தது. இன்றும் பாயான் லெப்பாஸில் இயங்குகிறது. அதே கீசைட் 2020-இல் பிரிட்டனின் எக்பிளான்ட் நிறுவனத்தை வாங்கியது. நிரலுக்குள் நுழையாமல், மனிதர் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்தே மென்பொருளைச் சோதிப்பதுதான் எக்பிளான்டின் வழி. சில்லுகளைச் சோதித்த ஊரில் இயங்கும் நிறுவனமொன்று திரைகளைச் சோதிக்கும் தொழிலுக்கும் போயிருக்கிறது.

தமிழுக்கு இதனால் என்ன கிடைக்கும்? ஆங்கிலத்தில் மூன்றெழுத்தில் அடங்கும் பொத்தான் தமிழில் ‘பணம் செலுத்துக’ என்று நீள்கிறது. இகரக் குறி மேலே ஏறும், உகரக் குறி கீழே இறங்கும். வரியுயரத்தை ஆங்கிலத்துக்கு அளந்து வைத்தால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். மெய்நிகர்க் கைப்பேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு, ஒவ்வோர் இரவும் செயலியைத் திறக்கச் செய்து, முகவரிடம் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: எழுத்து எங்காவது வெட்டுப்பட்டிருக்கிறதா? மொழிபெயர்க்காத சொல் மிச்சம் இருக்கிறதா? படத்திலிருந்து தமிழைப் படிக்கும்போது முகவர் தவறுவதுண்டு. அதனால் சொற்களைத் திரையின் எழுத்துப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி, வெட்டுப்பட்டதைக் காண மட்டும் படத்தைப் பயன்படுத்தச் சொல்வது நல்லது. சந்தேகமான படங்களைக் காலையில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

எல்லைகளும் உண்டு. வங்கிச் செயலிகள் பலவும் மெய்நிகர்க் கைப்பேசி என்று கண்டுகொண்டால் திறக்க மறுக்கும். அதைத் தந்திரமாகக் கடக்க முயலக் கூடாது. முகவருக்குச் சோதனைக் கணக்கு மட்டும் கொடுங்கள், உண்மையான கடவுச்சொல் வேண்டாம். திரையில் தெரியும் எழுத்தையே அது தனக்கிட்ட கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. யாரோ ஒருவர் பொருள் விமர்சனத்தில் ‘எல்லா ஆர்டரையும் நீக்கு’ என்று எழுதி வைத்தால் போதும். ஆகவே பணம் செலுத்தவும் நீக்கவும் அதற்கு அனுமதி தராதீர்கள்.

முதலில் ஒரு மெய்நிகர்க் கைப்பேசி, தமிழ் மொழி, சிறிய திரை, உங்கள் சொந்தச் செயலி என்ற அளவில் ஆரம்பியுங்கள். திறந்து, படம் எடுத்து, பதிவேட்டைச் சேமிப்பது சிக்கலில்லாமல் நடந்த பிறகு முகவரைச் சேர்க்கலாம். கூடவே விலை குறைந்த உண்மையான கைப்பேசி ஒன்றும் மேசையில் இருக்கட்டும். சூடாவதையும் மின்கலம் தீர்வதையும் எமுலேட்டர் காட்டாது.