மதிய உணவில் ஒரு மண்ணின் வரலாறு: நியூயார்க் நகரின் லெபனான் உணவகங்கள்

முன்னுரை

மொழியாராய்ச்சிக்கு ஏடும் எழுத்தும் இன்றியமையாதன. எனினும், நாள்தோறும் மக்கள் நாவில் புழங்கும் உணவுப் பெயர்களும் ஒரு மொழியின் வரலாற்றையும், அம்மொழி பேசுவோரின் வாழ்வையும் காட்டவல்ல சான்றுகளே. ஓர் உணவகத்தின் விலைப்பட்டியலைக் கருத்தூன்றிப் படிப்போர்க்கு அது ஒரு சிறு சொற்களஞ்சியமாகவே தோன்றும்.

இக்கட்டுரைக்கு, அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநகரில், மன்ஹாட்டன் பகுதியில் மதிய வேளையில் மக்கள் நெருக்கமாய்க் கூடும் லெபனான் விரைவு உணவகங்களை நாம் எடுத்துக்கொள்கிறோம். அங்கு வழங்கப்படும் உணவுகள் யாவை, அவற்றின் பெயர்களுக்குப் பொருள் என்ன, அவை அம்மாநகரை எவ்வாறு சென்றடைந்தன, சென்ற வழியில் எவற்றை இழந்தன என்பனவற்றை முறையே காண்போம். வளைகுடா நாடுகளில் பணியாற்றித் திரும்பிய நம்மவர் பலருக்கு ஷவர்மாவும் ஹும்முஸும் பழகிய சுவைகள். தமிழகத்து நகரங்களில் இன்று ஷவர்மாக் கடை இல்லாத கடைத்தெரு அரிது. ஆதலின் இப்பொருள் நமக்கு முற்றிலும் அயலானதன்று.

பத்து நிமிட உணவு

மன்ஹாட்டன் அலுவலகப் பணியாளர்க்கு மதிய இடைவேளை மிகக் குறுகியது. அக்குறுகிய பொழுதிற்கு ஏற்பவே இவ்வுணவகங்களின் நடைமுறை அமைந்துள்ளது. நீண்ட கண்ணாடி மேடையின் பின்னே உணவுக் கலங்கள் வரிசையாக இருக்கும். வாடிக்கையாளர் வரிசையில் நகர்ந்தவாறே முதலில் அடிப்படை உணவைத் தேர்வர்: சோறு, இலைக்காய்க் கலவை, அல்லது தட்டை ரொட்டி. அடுத்து இறைச்சியோ பருப்பு வடையோ. அதன்மேல் வெள்ளரி, தக்காளி, செந்நிற முள்ளங்கி ஊறுகாய். இறுதியாக எள் குழம்போ பூண்டுக் குழம்போ. பெட்டி மூடப்படும், பணம் செலுத்தப்படும். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

முன்னரே பொட்டலமிட்டு வைத்த மலிவுணவுக்கும், அமர்ந்து பணியாளரை எதிர்நோக்கும் உணவகத்திற்கும் இடைப்பட்டது இம்முறை. அமெரிக்காவில் 1990களிலிருந்து இது பெருகி வளர்ந்தது. லெபனான் உணவு இம்முறைக்கு எளிதில் பொருந்தியமைக்குத் தக்க காரணம் உண்டு. லெபனான் விருந்தின் முதற்பகுதி 'மெஸ்ஸே' எனப்படும். அது பல சிறு தட்டுகளின் தொகுதி. அவற்றுள் பெரும்பாலானவை காலையிலேயே சமைத்து வைக்கத்தக்கவை. ஆறினாலும் சுவை குன்றாதவை. ஒன்றோடொன்று எவ்வாறு சேர்த்தாலும் ஒத்துப்போகக்கூடியவை. பல தட்டு விருந்தைப் பிரித்து, ஒரு பெட்டிக்குள் அடுக்குவது ஆகவே இயல்பாயிற்று. 'மெஸ்ஸே' என்னும் சொல், சுவை எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லினின்று துருக்கி வழியாக வந்தது. நம் பேச்சில் வழங்கும் 'மஜா'வும் அதே பாரசீகச் சொல்லின் வழித்தோன்றலே.

சொல்லும் பொருளும்

இனி, மேடையில் உள்ள கலங்களின் பெயர்களை ஒவ்வொன்றாய் நோக்குவோம்.

'ஹும்முஸ்' என்பது அரபு மொழியில் கொண்டைக்கடலையைக் குறிக்கும். அரைத்த கடலையும் எள் விழுதும் எலுமிச்சைச் சாறும் பூண்டும் சேர்ந்த உணவின் முழுப்பெயர் 'ஹும்முஸ் பி தஹீனா'. 'தஹீனா' என்பது அரைத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. பச்சை இலைகளால் ஆன 'தப்பூலே', சுவைப்பொருள் என்னும் பொருள் தரும் 'தாபில்' என்னும் சொல்லோடு தொடர்புடையது. லெபனானில் இதன் பெரும்பகுதி பொடியாய் நறுக்கிய பார்ஸ்லிக் கீரையே. கோதுமை நொய் சிறிதளவே சேரும். மேலைநாட்டுக் கடைகள் பலவற்றில் இவ்வளவு தலைகீழாக மாறி, நொய்யே மிகுந்துவிட்டது.

'ஃபத்தூஷ்' என்னும் கலவை, ரொட்டியைப் பிய்த்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. பழைய ரொட்டியை எறியாமல், பொரித்தோ வாட்டியோ காய்களோடு கலந்து, சுமாக் என்னும் புளிப்புக் கனித்தூளைத் தூவி உண்ணும் சிக்கனம் அப்பெயரில் பதிந்துள்ளது. அவரையினத்துப் பருப்பும் அரிசியும் சேர்ந்த 'முஜத்தரா' என்பதற்கு அம்மைத் தழும்புடையது என்று பொருள். வெண்சோற்றிடையே புள்ளிபுள்ளியாய்த் தோன்றும் பருப்பைக் கண்டு இட்ட பெயர். 1226-ஆம் ஆண்டில் பக்தாதில் தொகுக்கப்பெற்ற சமையல் நூலிலேயே இவ்வுணவு இடம்பெற்றிருக்கிறது.

'ஷவர்மா' அரபு மூலமுடைய சொல் அன்று. சுழற்றுதல் எனப் பொருள்படும் துருக்கிச் சொல்லின் திரிபு அது. உதுமானியப் பேரரசின் நினைவு அதில் உறைந்துள்ளது. 'ஃபலாஃபில்' என்னும் பருப்பு வடையின் பெயரை, மிளகைக் குறிக்கும் 'ஃபில்ஃபில்' என்பதன் பன்மையாகக் கருதுவோர் பலர். 'ஃபில்ஃபில்' பாரசீகம் வழியாக வடமொழிப் 'பிப்பலி'யைச் சென்று சேர்வது. 'பிப்பலி'யோ நம் 'திப்பிலி'க்கு உறவுடையது. தாகம் தணிக்கும் புளிச்சாற்றிற்கு லெபனானில் 'தமர் ஹிந்தீ' என்று பெயர்; 'இந்தியப் பேரீச்சை' என்பது அதன் நேர்ப்பொருள். மிளகும் புளியும் கடல் கடந்த பழைய வாணிகத்தின் தடத்தை இப்பெயர்களில் இன்றும் காணலாம்.

இறுதியாக 'லப்னே'. தயிரை வடிகட்டி எடுக்கும் இக்கட்டித் தயிரின் பெயர் 'லபன்' என்பதனடியாகப் பிறந்தது. வெண்மையைச் சுட்டும் இவ்வேரினின்றே, பனி போர்த்திய மலைமுடிகளையுடைய 'லுப்னான்' என்னும் நாட்டுப்பெயரும் தோன்றியது என்பர். தயிர்க் கிண்ணத்தின் பெயரும் நாட்டின் பெயரும் ஒரே வேரின் இரு கிளைகள்.

வாஷிங்டன் தெருவும் பசியின் நினைவும்

இவ்வுணவு நியூயார்க்கில் நேற்று முளைத்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், உதுமானிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த லெபனான் மலைப்பகுதியிலிருந்தும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலிருந்தும் மக்கள் கப்பலேறினர். அவருட் பெரும்பாலோர் கிறித்தவர். முஸ்லிம்களும் துரூஸ் பிரிவினரும் இருந்தனர். மன்ஹாட்டனின் தென்கோடியில் வாஷிங்டன் தெருவை ஒட்டி அவர்கள் குடியேறிய பகுதி 'சிறிய சிரியா' என வழங்கப்பெற்றது. 1892-இல் அந்நகரில் அமெரிக்காவின் முதல் அரபு இதழ் வெளிவந்தது. 1895-இல் அத்தெருவில் ஸஹாதி குடும்பத்தின் மளிகைக் கடை தோன்றிற்று. 1940களில் சுரங்கப்பாதை அமைக்கும் பணிக்காக அக்குடியிருப்பின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. மக்கள் புரூக்ளினுக்கு நகர்ந்தனர். ஸஹாதி கடையும் 1948-இல் அங்குள்ள அட்லாண்டிக் அவென்யூவை அடைந்தது.

இலக்கிய மாணவர்க்கு இப்பகுதி நன்கு அறிமுகமானதே. 1883-இல் லெபனானின் பிஷரீ என்னும் ஊரில் பிறந்து, 1895-இல் அமெரிக்கா சென்ற கலீல் ஜிப்ரான், 1911 முதல் நியூயார்க்கில் வாழ்ந்தார். 1920-இல் அவரைத் தலைவராகவும் மீகாயீல் நுஐமாவைச் செயலாளராகவும் கொண்டு எழுதுகோற் கழகம் புத்துயிர் பெற்றது. நவீன அரபு இலக்கியத்தில் ஒரு திருப்பத்தை உண்டாக்கிய கழகம் அது.

அக்காலத்தில் தாயகத்தில் நிகழ்ந்ததை நினையாமல் இவ்வுணவைப் பற்றி எழுதுதல் நிறைவாகாது. முதல் உலகப் போரின்போது, 1915 முதல் 1918 வரை லெபனான் மலைப்பகுதியைப் பெரும்பஞ்சம் வாட்டியது. வெட்டுக்கிளிப் படையெடுப்பு, நேசநாடுகளின் கடல்வழி முற்றுகை, உதுமானியப் படையினர் தானியத்தைக் கைப்பற்றியமை ஆகியன ஒருங்கே சேர்ந்து, அம்மலைமக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரை மாய்த்தன. நியூயார்க்கில் அமைந்த துயர்துடைப்புக் குழுவின் செயலாளராக ஜிப்ரான் பணியாற்றினார். ரொட்டித் துண்டைக் கூட எறியாத 'ஃபத்தூஷ்' என்னும் பெயரை, இவ்வரலாற்றை அறிந்தபின் நாம் முன்போல் உச்சரிக்க இயலாது.

குறைந்தவையும் குன்றாதவையும்

பெட்டிக்குள் அடங்கியபோது இவ்வுணவு இழந்தவற்றுள் முதன்மையானது கூட்டு. லெபனானில் மெஸ்ஸே தட்டுகள் நடுவே வைக்கப்படும். சுற்றி அமர்ந்தோர் ரொட்டியைக் கையால் பிய்த்து, அதனையே கரண்டியாக்கி, பொதுத் தட்டிலிருந்து எடுத்துண்பர். உரையாடல் மணிக்கணக்கில் நீளும். ஒரே தாலத்தைச் சுற்றி அமர்ந்து உண்டு பழகிய நம் சமுதாயத்தார்க்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை. மன்ஹாட்டன் பெட்டியோ ஒருவர்க்கு உரியது. கணினியின் முன் தனித்து உண்ணப்படுவது.

இரண்டாவது, செய்ந்நேர்த்தி. 'தூம்' என்றால் பூண்டு. பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு ஆகியவற்றை நெடுநேரம் கடைந்து எடுப்பதே லெபனானின் மரபான பூண்டுக் குழம்பு. அதில் முட்டை சேர்வதில்லை. நம் நாட்டுக் கடைகளில் அதனிடத்தைப் பச்சை முட்டை மயோனைஸ் பிடித்துக்கொண்டது. நோய்க்கிருமி பரவும் அச்சத்தால் 2025 ஏப்ரலில் தமிழக அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. ஷவர்மாவிலும் கவனம் தேவை. சுழலும் இறைச்சியில் நெருப்பை நோக்கிய மேலடுக்கு மட்டுமே வேகும். வெந்ததை மட்டுமே சீவ வேண்டும். விற்பனை வேகத்தில் ஆழமாய்ச் சீவினாலோ, தணலைத் தணித்து நெடுநேரம் விட்டுவைத்தாலோ கேடு விளையும். 2022 மே மாதத்தில் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்திலும், 2023 செப்டம்பரில் நாமக்கல்லிலும் ஷவர்மா உண்ட பின்னர் மாணவியர் உயிரிழந்த செய்திகளை நாடறியும். பெயரைப் பெற்றுக்கொண்டு முறையைக் கைவிடுவதன் விலை இது.

ஈண்டுப் பெரியோர் எழுப்பக்கூடிய ஐயம் ஒன்றுண்டு. லெபனான் உணவு என்பதனாலேயே அது ஹலால் ஆகிவிடாது. அந்நாட்டு மக்கள் பல சமயத்தினர், உணவகங்களும் அவ்வாறே. ஆகவே அயலூர் செல்லும் மாணவர் கேட்டறிந்து உண்ணுதல் கடன். இறைச்சி விலக்கிய கிறித்தவ நோன்பு நாட்களுக்கென எண்ணெயில் சமைத்த உணவு வகைகள் பல அம்மரபில் உண்டு. முஜத்தராவும் ஃபலாஃபிலும் எல்லாச் சமயத்தாரின் வீட்டிலும் உண்ணப்படுவன.

குன்றாது நிற்பன பெயர்கள். அவற்றைக் காக்க லெபனான் மக்கள் காட்டும் முனைப்பு வியப்பிற்குரியது. 2010 மே மாதத்தில் அந்நாட்டுச் சமையற்கலைஞர்கள் 10,452 கிலோ ஹும்முஸ் செய்து உலகச் சாதனை படைத்தனர். நாட்டின் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர் என்பதே அவ்வெண்ணின் உட்பொருள். 2023-இல் 'மனூஷே' என்னும் காலை ரொட்டி, யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் அந்த ரொட்டிக்கே அங்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. 2019-இல் பொருளாதாரம் சரிந்தது. 2020 ஆகஸ்டு 4-இல் பெய்ரூத் துறைமுக வெடிப்பில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டதோடு, நாட்டின் பெருந்தானியக் களஞ்சியமும் சிதைந்தது. 2022-இல் உக்ரைன் போரால் கோதுமை வரவு தடைப்பட, ரொட்டிக் கடைகளின் முன் மக்கள் நெடுவரிசையில் நின்றனர். அதே காலத்தில் மன்ஹாட்டனிலும் மதிய வேளையில் அதே உணவிற்கு வரிசை இருந்தது. இரு வரிசைகளுக்கும் இடையே உள்ள தொலைவு கடலின் அகலத்தினும் பெரிது.

முடிவுரை

ஒரு மக்கட் கூட்டம் மண்ணை விட்டுப் பெயரும்போது நிலத்தையும் வீட்டையும் எடுத்துச் செல்ல இயலாது. உணவும் அதன் பெயரும் உடன் செல்கின்றன. அயலூர் அவ்வுணவின் நேரத்தைக் குறைக்கலாம், கூட்டைக் கலைக்கலாம், அளவை மாற்றலாம். பெயர் எஞ்சியிருக்கும் வரை, அதன் பின்னுள்ள பசியையும் உழைப்பையும் மீட்டறிய வழியுண்டு. சொல்லின் பொருளை ஆராயும் பயிற்சி பெற்ற நம் மாணவர்க்கு அப்பணி எளிதே. அடுத்த முறை ஷவர்மாக் கடைமுன் நிற்கும்போது, இறைச்சி நன்கு வெந்ததா என்பதை நோக்குக. குழம்பில் முட்டை சேர்ந்ததா என வினவுக. உடன் ஒருவரை அழைத்துச் சென்று பகிர்ந்து உண்க.